உள்ளங்கையின் மின் குறிகள்

பரீட்சை மண்டபத்தில் வினாத்தாளை எதிர்நோக்கி அமர்ந்திருக்கும் மாணவன், தாள் கைக்கு வருமுன் உள்ளங்கையை ஆடையில் துடைத்துக்கொள்வதை ஆசிரியர்கள் பலமுறை கண்டிருப்பர். மண்டபம் குளிர்ச்சியாக இருந்தாலும் அவன் கை ஈரமாகிறது. முதுகும் மார்பும் உலர்ந்தே இருக்கின்றன. இந்த ஈரம் வெயிலால் வந்ததன்று. உள்ளக் கிளர்ச்சியால் வந்தது. கண்ணுக்குத் தெரியும் அளவு ஈரம் கசிவதற்கு முன்னரே உள்ளங்கைத் தோலின் மின் தன்மையில் ஒரு மாறுதல் ஏற்பட்டுவிடுகிறது. உடலியல் அறிஞரும் மனோதத்துவ அறிஞரும் 130 ஆண்டுகளுக்கு மேலாக இம்மாறுதலை அளந்து வருகின்றனர்.

பெங்களூர் நகரில் இவ்வளவீடு இருவேறு நோக்கங்களுக்குப் பயன்பட்டுள்ளது. ஆராய்ச்சிச் சாலைகளில் தியானமும் பிராணாயாமமும் செய்வோரின் உள்ளங்கைகளில் மின்வாய்கள் பொருத்தப்பட்டன. 2000ஆம் ஆண்டுக்குப் பிந்திய சில ஆண்டுகளில், அதே நகரிலுள்ள தடய அறிவியல் ஆய்வுக்கூடம் குற்ற விசாரணையில் பொய்யறியும் சோதனைகளையும் மருந்து மயக்கச் சோதனைகளையும் நடத்தி நாடெங்கும் அறியப்பட்டது. முதல் இடத்தில் கேட்கப்பட்ட வினா, உடலில் என்ன நிகழ்கிறது என்பது. இரண்டாம் இடத்தில் கேட்கப்பட்ட வினா, இம்மனிதர் சொல்வது மெய்யா பொய்யா என்பது. முதல் வினாவுக்கு உள்ளங்கை ஓரளவு விடை தருகிறது. இரண்டாம் வினாவுக்கும் அது விடை தருமா என்பதை அறிய, அக்குறி எவ்வாறு தோன்றுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

வியர்வையும் நரம்பும்

மனித உடலில் 20 லட்சம் முதல் 40 லட்சம் வரை வியர்வைச் சுரப்பிகள் உள்ளன. அவை எங்கும் ஒரே நெருக்கத்தில் அமையவில்லை. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் பல நூறு சுரப்பிகள் காணப்படுகின்றன. உடலின் பிற பகுதிகளிலுள்ள சுரப்பிகளின் முதன்மையான வேலை வெப்பத்தைத் தணிப்பது. உள்ளங்கைச் சுரப்பிகளோ, சாதாரண வெப்ப நிலையில், வெப்பத்தைக் காட்டிலும் மனக்கிளர்ச்சிக்கே எளிதில் இணங்குகின்றன. ஆபத்து நேரும்போது கைக்கும் காலுக்கும் பிடிப்பு வேண்டும். சற்றே ஈரமான தோல் நன்கு பற்றும். எனவே இவ்வமைப்பு ஏற்பட்டது என்று கருதப்படுகிறது. மண்வெட்டியின் காம்பைப் பிடிக்குமுன் உள்ளங்கையை ஈரப்படுத்திக்கொள்ளும் உழவரை நினைத்தால் இக்கருத்து விளங்கும்.

இச்சுரப்பிகளை இயக்குவது தானியங்கு நரம்பு மண்டலத்தின் ஒரு பிரிவாகிய பரிவு நரம்புத் தொகுதி. இருதயத்திற்குப் பரிவு நரம்பும், அதற்கு எதிரான துணைப்பரிவு நரம்பும் ஆகிய இரண்டும் செல்கின்றன. இருதயம் விரைந்து துடித்தால், முதல் நரம்பு முடுக்கியதால் துடித்ததா, இரண்டாவது நரம்பு தளர்ந்ததால் துடித்ததா என்பதை நாடித் துடிப்பை மட்டும் எண்ணிக் கூற இயலாது. உள்ளங்கைச் சுரப்பிக்கு இத்தகைய இரட்டை ஆட்சி இல்லை. பரிவு நரம்பு ஒன்றே அதற்கு ஆணையிடுகிறது. ஆராய்ச்சியாளர் இவ்வளவீட்டை விரும்புவதற்கு முக்கியக் காரணம் இதுவே. இதில் ஒரு புதுமையும் உண்டு. பரிவு நரம்பின் முனைகள் பிற உறுப்புகளில் பெரும்பாலும் நார்அட்ரினலின் என்னும் பொருளை வெளியிடுகின்றன; வியர்வைச் சுரப்பியிலோ அசிட்டைல்கோலின் என்னும் பொருளை வெளியிடுகின்றன.

ஆணை புறப்படும் இடம் மூளையில் ஒன்றன்று. அச்சம் முதலிய உணர்ச்சிகளோடு தொடர்புடைய பகுதிகளும், கவனத்தைச் செலுத்தும் முன்மூளைப் பகுதிகளும், உடலை விழிப்பில் வைக்கும் தண்டுப் பகுதியும் இதில் பங்கு பெறுகின்றன. ஆகவே திடீர் ஒலி, ஊசிக் குத்து, வெட்கம், மகிழ்ச்சி, கடினமான மனக்கணக்கு, தன் பெயரைப் பிறர் சொல்லக் கேட்டல், ஏன், ஒரு நெடுமூச்சு கூட, உள்ளங்கையில் ஒரே வகையான குறியையே எழுப்புகின்றன. இக்கட்டுரையில் பின்னர் வருவன யாவும் இந்த ஒரு செய்தியைப் பற்றியே நிற்கின்றன.

தடையும் கடத்துதிறனும்

1888இல் பிரான்ஸ் நாட்டு மருத்துவர் ஃபேரே, நோயாளியின் தோல் வழியே மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்தி, அவருக்கு ஒலியையோ மணத்தையோ உணர்த்தும்போது தோலின் மின்தடை குறைவதைக் கண்டார். சில ஆண்டுகளுக்குள் ரஷ்ய அறிஞர் தார்க்கானோஃப், வெளி மின்னோட்டம் எதுவுமின்றியே தோலின் இரு இடங்களுக்கிடையில் மின்னழுத்த வேறுபாடு மாறுவதைக் கண்டார். இவ்விரு முறைகளும் இன்றளவும் நிலவுகின்றன. எனினும் பெரும்பாலோர் கையாள்வது முதல் முறையே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யுங் என்னும் சுவிட்சர்லாந்து மனநல அறிஞர், சொற்களை ஒவ்வொன்றாகக் கூறி, எச்சொல்லுக்கு முள் மிகுதியாக அசைகிறது என்று நோக்கியதன் பின்னர் இவ்வளவீடு மனோதத்துவத் துறையில் புகழ் பெற்றது.

பழைய நூல்கள் யாவும் மின்தடையையே குறிப்பிடுகின்றன. இன்று அளக்கப்படுவது கடத்துதிறன். இது வெறும் பெயர் மாற்றமன்று. தோலின் மேலடுக்கு உலர்ந்த கொம்புப் பொருளாலானது. மின்சாரத்தை எளிதில் கடத்தாது. அதனூடே செல்லும் வியர்வைக் குழாய்கள் உப்புநீரால் நிரம்பும்போது, ஒவ்வொரு குழாயும் மின்னோட்டத்திற்கு ஒரு தனி வழியாகிறது. ஏரிக் கரையில் பல மதகுகள் இருப்பதாகக் கொண்டால், ஒவ்வொரு மதகைத் திறக்கும்போதும் வெளியேறும் நீரின் அளவு கூடிக்கொண்டே போகும். அதுபோலவே நிரம்பிய குழாய்களின் எண்ணிக்கைக்கேற்பக் கடத்துதிறன் கூட்டப்படுகிறது. தடைக்கு இந்த எளிய கூட்டல் பொருந்தாது.

ஓர் எடுத்துக்காட்டு இதனைத் தெளிவாக்கும். ஒருவருடைய தோலின் தடை 1,00,000 ஓம். மற்றொருவருடையது 5,00,000 ஓம். ஒரே ஒலியைக் கேட்டதும் இருவருக்கும் தடை 5,000 ஓம் குறைந்தது. தடையை மட்டும் நோக்கினால் இருவரும் சமமாகக் கிளர்ச்சியடைந்தனர் என்று தோன்றும். கடத்துதிறனாக மாற்றிப் பார்த்தால், முதலாமவருக்கு 10 மைக்ரோசீமென்ஸ் 10.53 ஆகிறது, உயர்வு 0.53. இரண்டாமவருக்கு 2 மைக்ரோசீமென்ஸ் 2.02 ஆகிறது, உயர்வு 0.02 மட்டுமே. முதலாமவரின் குறி இரண்டாமவருடையதைப் போல் ஏறக்குறைய 26 மடங்கு. பழைய ஆராய்ச்சி முடிவுகளைப் படிப்போர் இதனை மறத்தலாகாது. மைக்ரோசீமென்ஸ் என்பது பழைய நூல்களில் மைக்ரோமோ என்று வழங்கிய அதே அலகுதான்.

அளக்கும் முறை

இரு மின்வாய்கள் ஒரே கையின் சுட்டுவிரலிலும் நடுவிரலிலும், உட்புறத்தில் பொருத்தப்படுகின்றன. எழுதாத கையே பெரும்பாலும் தேர்ந்தெடுக்கப்படுகிறது. அதில் காய்ப்பும் காயமும் குறைவு. மின்வாய் வெள்ளியாலானது, அதன்மேல் வெள்ளிக் குளோரைடு படிந்திருக்கும். செம்பு, பித்தளை முதலிய உலோகங்களைத் தோலின்மேல் வைத்தால் அவற்றின் பரப்பிலேயே மின்னழுத்தம் தோன்றி அளவைக் கெடுத்துவிடும். தோலுக்கும் மின்வாய்க்கும் இடையே வியர்வையை ஒத்த உப்புச் செறிவுள்ள களிம்பு தடவப்படுகிறது. இருதய மின்வரைவுக்கு வைத்திருக்கும் களிம்பில் உப்பு மிகுதி. அதனை இதற்கும் எடுத்துக்கொள்வது ஆய்வுக்கூடங்களில் அடிக்கடி நேரும் தவறு. அளவு பொய்யாக உயர்ந்து நிற்கும்.

மின்வாய்களுக்கிடையே மாறாத 0.5 வோல்ட் அழுத்தம் கொடுக்கப்படுகிறது. கடத்துதிறன் 10 மைக்ரோசீமென்ஸ் ஆயின், செல்லும் மின்னோட்டம் 5 மைக்ரோ ஆம்பியர் மட்டுமே. இதனை யாரும் உணர்வதில்லை. அமைதியாக அமர்ந்திருப்பவரிடம் அளவு பொதுவாக 2க்கும் 20க்கும் இடைப்பட்டிருக்கும். இதனை நிலை மட்டம் எனலாம். ஒரு தூண்டலுக்குப் பின் 1 முதல் 3 வினாடிக்குள் கோடு எழத் தொடங்குகிறது, மேலும் 1 முதல் 3 வினாடிக்குள் உச்சியை அடைகிறது, இறங்குவது மெதுவாக. எழுச்சி 0.05 மைக்ரோசீமென்ஸ் அளவையாவது எட்டினால்தான் அதனை ஒரு குறியாகக் கொள்வது நீண்ட நாள் வழக்கம். எத்தூண்டலும் இன்றித் தானே எழும் குறிகளும் உண்டு. அமைதி நிலையில் நிமிடத்திற்கு ஒன்று முதல் மூன்று வரை தோன்றும். ஒருவர் கேள்வி கேட்ட அதே கணத்தில் இத்தகைய தானாக எழும் குறி ஒன்று நேர்ந்துவிட்டால், அது கேள்வியால் எழுந்ததென்றே பதிவாகும்.

அறையின் வெப்பம், காற்றின் ஈரம், காலையா பிற்பகலா என்பது, பங்கேற்பவர் உண்ட மருந்து, கையை எப்போது கழுவினார் என்பது ஆகிய ஒவ்வொன்றும் அளவை மாற்றுகின்றன. கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் மிதமான தட்பவெப்பம் கொண்ட பெங்களூரில் எடுத்த அளவையும், சித்திரை வெயிலில் சென்னையில் எடுத்த அளவையும் அப்படியே ஒப்பிடலாகாது. மண்வேலை, கல்வேலை செய்து காய்ப்பேறிய கையையும், எழுதுகோலன்றி வேறு பிடித்தறியாத கையையும் ஒப்பிடுவதும் அத்தகையதே. நல்ல உடல்நிலையுள்ளவர்களிலும் ஒரு பகுதியினர் எத்தூண்டலுக்கும் குறி காட்டுவதில்லை. மூச்சை எப்போதும் உடன் பதிவு செய்ய வேண்டும். நெடுமூச்சும் இருமலும் எழுப்பும் குறிகளை உள்ளத்தின் மேல் ஏற்றிவிடாமலிருக்க வேறு வழியில்லை. அண்மைக் காலத்தில் மணிக்கட்டில் கைக்கடிகாரம்போல் அணியும் கருவிகள் வந்துள்ளன. நாள் முழுவதும் அளக்கலாம் என்பது அவற்றின் சிறப்பு. ஆனால் மணிக்கட்டு உள்ளங்கையன்று. கை அசைவும் வெப்பமும் அங்கே பெரிதும் குறுக்கிடுகின்றன.

பெங்களூர் ஆராய்ச்சிகள்

1954இல் பெங்களூரில் அகில இந்திய மனநல நிலையம் தொடங்கப்பெற்றது. அது 1974இல் அங்கிருந்த அரசாங்க மனநோய் மருத்துவமனையுடன் இணைந்து, நிம்ஹான்ஸ் என்று வழங்கும் தேசிய மனநல, நரம்பியல் அறிவியல் நிலையமாயிற்று. யோகிகள் தம் உடலின் தானியங்கும் தொழில்களை விருப்பம்போல் அடக்குவர் என்னும் செய்தி அக்காலத்தில் உலகெங்கும் ஆராய்ச்சியாளரின் ஆவலைத் தூண்டியிருந்தது. 1957இல் அமெரிக்காவிலிருந்து வெங்கர், பாக்சி என்னும் இருவர் எட்டுத் தடங்களில் பதியும் கருவியொன்றைச் சுமந்துகொண்டு இந்தியாவின் பல பகுதிகளிலும் யோகிகளைச் சோதித்தனர். மூளை அலை, மூச்சு, நாடி ஆகியவற்றோடு உள்ளங்கையின் மின்தடையும் பதிவாயிற்று. தியானம், உறக்கமோ மயக்கமோ அல்லாத ஓர் ஆழ்ந்த ஓய்வு நிலை என்பது அவர்கள் கண்டது. இருதயத்தை நிறுத்துவதாகச் சொன்னவர்களிடம் இருதயம் நிற்கவில்லை. மூச்சை அடக்கி மார்புத் தசைகளை இறுக்கியதால் நாடி கைக்குத் தட்டுப்படாமற் போயிற்று. மின்வரைவில் துடிப்பு தொடர்ந்து பதிவாயிற்று.

வியப்பளித்த ஒருவரையும் அவர்கள் கண்டனர். இமயமலைக் குகையில் குளிர்காலத்தைக் கழித்த அந்த யோகி, கடும் வெப்பத்தில் இருப்பதாகத் தம்மை எண்ணிக்கொண்டு பயின்றவர். ஆராய்ச்சியாளர் கேட்டபோது சில நிமிடங்களில் அவர் நெற்றியில் வியர்வை துளிர்த்தது. வியர்வைச் சுரப்பிக்கு நேராக ஆணையிட எவராலும் இயலாது. கற்பனை என்னும் சுற்றுவழியாக அதனை எட்டலாம். இச்செய்தி கட்டுரையின் பிற்பகுதியில் மீண்டும் வேண்டப்படும்.

பின்னாளில் நிம்ஹான்ஸின் நரம்பு உடலியல் துறையில் ஷெர்லி டெல்லஸ், தேசிராஜு ஆகியோர் நடத்திய ஓர் ஆராய்ச்சி 1993இல் வெளிவந்தது. 5 முதல் 25 ஆண்டுகள் வரை பிரம்ம குமாரிகள் அமைப்பின் ராஜயோக தியானத்தில் பயிற்சி பெற்ற 18 ஆடவர் இதில் பங்கேற்றனர். ஒவ்வொருவரும் தியானம் செய்யும் அமர்விலும், தியானமின்றி வாளா அமர்ந்திருக்கும் அமர்விலும் அளக்கப்பட்டனர். தியானம் ஓய்வு தருவதாயின் இருதயத் துடிப்பு குறைய வேண்டும். தோலின் தடை உயர வேண்டும் என்றே எவரும் எதிர்பார்ப்பர். நேர்ந்தது வேறு. தியானத்தின்போது இருதயத் துடிப்பு உயர்ந்தது. உள்ளங்கையின் மின்தடையிலோ, விரலின் இரத்த ஓட்டத்திலோ, மூச்சின் வேகத்திலோ குழு முழுவதற்கும் பொதுவான மாறுதல் ஒன்றும் காணப்படவில்லை. தனித்தனியே நோக்கியபோது, ஒரே மனிதரிடம் ஒரே நேரத்தில் சில உறுப்புகள் கிளர்ச்சியையும் சில உறுப்புகள் ஓய்வையும் காட்டின. மனிதருக்கு மனிதர் இக்கலப்பு வேறுபட்டது. தியானம் முழுவதும் கிளர்ச்சி என்றோ முழுவதும் ஓய்வு என்றோ ஒரே சொல்லில் அடக்கிவிட முடியாது என்னும் முடிவுக்கு ஆராய்ச்சியாளர் வந்தனர். 'கண்டுபிடிப்பு' என்று முழங்கத்தக்க முடிவன்று இது. ஆயினும் இத்துறையில் பயில்வோர் முதலில் படிக்கவேண்டியவற்றுள் ஒன்று.

பெங்களூர் விவேகானந்த கேந்திர யோக ஆராய்ச்சி நிலையத்தில் டெல்லஸ், நாகரத்னா, நாகேந்திரா ஆகியோர் 1994இல் வெளியிட்ட ஆய்வில், 48 ஆடவர் குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, வலது நாசி வழியாகவோ, இடது நாசி வழியாகவோ, இரண்டிலும் மாறி மாறியோ மூச்சுவிடப் பயிற்றுவிக்கப்பட்டனர். ஒரு வேளைக்கு 27 மூச்சு. நாளொன்றுக்கு 4 வேளை. ஒரு மாத காலம். மூன்று குழுக்களிலும் உடல் உட்கொள்ளும் பிராணவாயுவின் அளவு உயர்ந்தது. வலது நாசிக் குழுவில் உயர்வு 37 விழுக்காடு, இடது நாசிக் குழுவில் 24 விழுக்காடு. ஆனால் இடது நாசிக் குழுவினரிடம் உள்ளங்கையின் மின்தடையும் கூடியது. அதாவது வியர்வைச் சுரப்பிக்குச் செல்லும் பரிவு நரம்பின் வேகம் தணிந்தது. உடலின் எரிபொருட் செலவு ஏறியிருக்க, உள்ளங்கை மட்டும் அமைதியைக் காட்டிற்று.

அதே குழுவினர் 1998இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு இதனினும் நுட்பமானது. ஓம் என்னும் எழுத்தொலியையும், ஒன்று என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லையும் பங்கேற்றோர் வெவ்வேறு அமர்வுகளில் மனத்துக்குள் ஓதினர். இரண்டிலும் மூச்சும் இருதயத் துடிப்பும் தணிந்தன. ஓம் என்று ஓதியபோது மட்டும் தோலின் மின்தடை குறைந்தது. பொருளறிந்த சொல்லின்பால் உணர்வு கூர்மையடைந்ததன் அடையாளமாக இதனை அவர்கள் கொண்டனர். உள்ளங்கைக் கருவி ஒன்றை மட்டும் வைத்திருந்த ஒருவர் இப்பதிவைக் கண்டால், இவர் ஏதோ கலக்கத்தில் இருக்கிறார் என்று எழுதியிருப்பார். இருதயமும் மூச்சும் உடன் பதிவாகியிருந்ததால்தான் அது கலக்கமன்று என்பது புலனாயிற்று.

நோயறியும் பயன்

கிராம சுகாதாரப் பணியாளருக்கு இவ்வளவீட்டின் அடிப்படை புதிதன்று. தொழுநோயில் தோலின் நுண்ணிய நரம்புகள் கெடும்போது, உணர்ச்சியற்ற தேமலில் வியர்வையும் வற்றிவிடுகிறது. வெயிலில் நடந்து வந்தவரின் உடலில் அவ்விடம் மட்டும் உலர்ந்திருக்கும். நீரிழிவு நாட்பட்டோருக்குப் பாதத்தில் இதே நிலை ஏற்படலாம். நரம்பியல் மருத்துவமனைகளில் மணிக்கட்டில் சிறு மின் தூண்டல் தந்து, உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் எழும் குறியைப் பதிவு செய்து, வியர்வை நரம்பின் நிலையை மதிப்பிடுகின்றனர். இங்கே குறி இல்லாமையே செய்தி. மனப்பதற்றம் உடையோருக்குத் தம் தோலின் அளவை ஒலியாகவோ ஒளியாகவோ தாமே காணச் செய்து, அதனைத் தணிக்கப் பயிற்றுவதும் உண்டு.

பொய்யறியும் கருவி

பொய்யறியும் கருவி என்று பத்திரிகைகள் குறிப்பிடும் பாலிகிராஃப் கருவியில் மார்பையும் வயிற்றையும் சுற்றிய மூச்சுப் பட்டைகளும், புயத்தில் இரத்த அழுத்தப் பட்டையும், விரல்களில் உள்ளங்கை மின்வாய்களும் உள்ளன. கருவியில் குறை ஒன்றும் இல்லை. ஆய்வுக்கூடத்தில் இருப்பதும் இதுவே. வேறுபாடு வினாவில் இருக்கிறது. குற்றத்தைப் பற்றிய கேள்விக்கு எழும் குறியையும், வேறு சங்கடமான கேள்விக்கு எழும் குறியையும் ஒப்பிட்டு, முன்னது பெரிதாயின் பொய் என்று கொள்வது வழக்கமான முறை. ஆனால் கொலைப் பழி சுமத்தப்பட்ட குற்றமற்ற ஒருவருக்கு, கொலையைப் பற்றிய கேள்வியைக் காட்டிலும் வேறெக்கேள்வி அச்சமூட்டும்? பொய்க்கென்று உள்ளங்கையில் தனிக் குறி இல்லை. அச்சத்திற்கும் நாணத்திற்கும் சினத்திற்கும் எழும் அதே குறியே பொய்க்கும் எழுகிறது. குற்றவாளிக்கோ எதிர்வழிகள் உண்டு. சங்கடமான கேள்வியின்போது நாவைக் கடித்தோ, கால்விரலை ஊன்றியோ, மனத்துக்குள் கணக்குப் போட்டோ பொய்யான எழுச்சியை உண்டாக்கலாம். இமயக் குகையில் அந்த யோகி கற்பனையால் செய்ததன் எளிய வடிவமே இது.

அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் குழு 2003இல் இச்சான்றுகளை எல்லாம் சீர்தூக்கி ஓர் அறிக்கை வெளியிட்டது. குறிப்பிட்ட ஒரு நிகழ்ச்சியைப் பற்றிய விசாரணையில், இக்கருவி குருட்டு ஊகத்தைவிட நன்றாகவே மெய்யையும் பொய்யையும் பிரிக்கிறது. எனினும் பிழையற்ற நிலைக்கு மிகக் கீழேயே நிற்கிறது என்று அது கூறிற்று. அதிலுள்ள ஒரு கணக்கு மனத்தில் பதியத்தக்கது. 10,000 ஊழியரில் 10 பேர் ஒற்றர் எனக் கொள்வோம். ஒற்றரில் 80 விழுக்காட்டினரைப் பிடிக்கும் வகையில் கருவியின் எல்லையை அமைத்தால், 8 ஒற்றர் அகப்படுவர். அவர்களோடு குற்றமற்ற 1,598 பேரும் அகப்படுவர்.

இச்சோதனைகளை ஒருவர்மேல் அவர் விருப்பமின்றி நடத்தலாமா என்னும் கேள்வி உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. பல மாநிலங்களிலிருந்து சென்ற மனுக்கள் ஒன்றாக விசாரிக்கப்பட்டன. கர்நாடக மாநிலத்திற்கு எதிராகச் செல்வி என்பவர் தொடுத்த வழக்கின் பெயராலேயே அத்தீர்ப்பு வழங்குகிறது. தலைமை நீதிபதி கே. ஜி. பாலகிருஷ்ணன், நீதிபதிகள் ஆர். வி. ரவீந்திரன், ஜே. எம். பாஞ்சால் ஆகியோர் 2010ஆம் ஆண்டு மே மாதம் 5ஆம் நாள் தீர்ப்பளித்தனர். மருந்து மயக்கச் சோதனை, பாலிகிராஃப், மூளை அலைச் சோதனை ஆகிய எதனையும் எவர்மீதும் வற்புறுத்தி நடத்தலாகாது. அது அரசியலமைப்பின் 20ஆம் விதி 3ஆம் உட்பிரிவு தரும் பாதுகாப்புக்கும், 21ஆம் விதி தரும் தனிமனித உரிமைக்கும் முரணானது என்பது அதன் சாரம். ஒருவர் மனமுவந்து இசைந்தாலும், வழக்கறிஞர் உதவி கிடைக்கச் செய்து, அவ்விசைவை நீதித்துறை நடுவர் முன் பதிவு செய்ய வேண்டும் என்பது முதலாகத் தேசிய மனித உரிமை ஆணையம் 2000இல் வகுத்த நெறிகள் வற்புறுத்தப்பட்டன. இசைந்து செய்த சோதனையின் முடிவும் தன்னளவில் சான்றாகாது. அதற்கு நீதிமன்றம் காட்டிய காரணம் உடலியல் மாணவருக்கு நன்கு பழகியது: சோதனையின்போது எழும் எதிர்விளைவுகள் அம்மனிதரின் உணர்வுபூர்வமான கட்டுப்பாட்டில் இல்லை. தன் விருப்பத்தால் அடங்காத நரம்பு என்பதனாலேயே ஆராய்ச்சியாளர் உள்ளங்கையைத் தேர்ந்தனர். அதே காரணத்தாலேயே அதன் குறியை ஒருவருடைய வாக்குமூலமாகக் கொள்ள நீதிமன்றம் மறுத்தது.

வகுப்பறையில்

உயர்நிலைப் பள்ளியில் இதனை எளிதாகக் காட்டலாம். மின்கலத்தால் இயங்கும் மல்டிமீட்டர் ஒன்றும், சமையலறையில் பயன்படும் அலுமினியத் தாளின் இரு துண்டுகளும், ஒட்டு நாடாவும் போதும். ஒரே கையின் சுட்டுவிரலிலும் நடுவிரலிலும் தாளைச் சுற்றி, மீட்டரின் கம்பிகளை அவற்றோடு இணைத்து, 20 லட்சம் ஓம் வரை அளக்கும் நிலையில் வைக்க வேண்டும். கை மேசைமேல் அசையாதிருக்க வேண்டும். சுவர் மின்சாரத்தோடு தொடர்புள்ள எக்கருவியையும் இதற்குக் கையாளலாகாது. இரு மின்வாய்களும் இரு கைகளில் இருத்தலும் கூடாது. மின்னோட்டம் மார்பைக் கடக்கும் வழியை ஏற்படுத்தாமலிருப்பது நல்ல பழக்கம். இருதயத்தில் மின்கருவி பொருத்தப்பட்டவரும், விரலில் புண் உள்ளவரும் பங்கேற்க வேண்டாம்.

ஐந்து நிமிடம் கழித்து அளவு ஓரளவு நிலைபெறும். அலுமினியம் நல்ல மின்வாயன்று ஆதலால் எண் மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். கண்காட்சிக்கு அது குற்றமில்லை. பின்னாலிருந்து ஒருவர் கைதட்டினால், ஏறத்தாழ 2 வினாடி கழித்துத் தடை இறங்கும். அதே கைதட்டலை ஏழெட்டு முறை செய்தால் இறக்கம் சிறுத்துக்கொண்டே போகும்; நரம்பு பழகிவிடுவதன் அடையாளம் அது. 100லிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னாலும் இறங்கும். நெடுமூச்சு ஒன்று விடச் சொன்னாலும் இறங்கும். எண்ணை மட்டும் கரும்பலகையில் எழுதி, இது கைதட்டலா, கணக்கா, மூச்சா என்று மாணவரைக் கேட்டால், எவராலும் சொல்ல முடியாது.

வகுப்பில் காணாமற்போன எழுதுகோலையோ பணத்தையோ கண்டுபிடிக்க இதனைப் பயன்படுத்தும் ஆசை மாணவருக்குக் கட்டாயம் எழும். விளையாட்டாகக்கூட அதற்கு ஆசிரியர் இடந்தரலாகாது. மேலே கண்ட விகிதப்படி, 40 பேர் கொண்ட வகுப்பில் குற்றமற்ற 39 பேரில் ஏறக்குறைய 6 பேர்மேல் கருவி பழி சுமத்தும். இந்த அலுமினியத் தாளும் மீட்டரும் அந்த விகிதத்தைக்கூட எட்டா. எளிதில் நாணும் பிள்ளையும், வீட்டில் அடிக்கு அஞ்சும் பிள்ளையுமே முதலில் அகப்படும். பங்கேற்றோருள் ஓரிருவருக்கு எத்தனை முறை கைதட்டினாலும் எண் அசையாது. கையை வெதுவெதுப்பான நீரில் கழுவி, துடைத்து, தாளை இறுக்கிப் பொருத்தி மீண்டும் ஒருமுறை பார்க்கலாம். அப்போதும் அசையாவிட்டால், அவர்கள் நெஞ்சுரம் மிக்கவர் என்று கொள்ளவேண்டியதில்லை. அவர்களுடைய தோல் அத்தகையது.